கேள்வி பதில்: எம்.பி.க்கு மட்டும் பீர் கிடையாது

கே: என் பொண்ணு இங்கிலாந்துல டோர்செட் பக்கம் நர்ஸா இருக்கா. அங்க பப் வாசல்ல 'லேபர் எம்.பி.க்கள் வேண்டாம்'னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததா போன்ல சொன்னா. ஆளுங்கட்சி எம்.பி.யையே உள்ள விடமாட்டேன்னு ஒரு கடைக்காரர் சொல்ல முடியுமா, எதுக்கு இவ்வளவு கோவம்?
வாசகி, திருச்சி

ப: நெஜம்தாங்கம்மா, அதுவும் உங்க பொண்ணு இருக்குற அதே டோர்செட்லதான் இது ஆரம்பிச்சுது. 2025 நவம்பர் 26 அன்னைக்கு நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பட்ஜெட் போட்டாங்க, அது முடிஞ்சு கொஞ்ச நாள்லயே, டிசம்பர்ல, டோர்செட்ல பப் நடத்துற ஒருத்தர் ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டினார், பக்கத்துக் கடைக்காரங்களும் கேட்டு வாங்கி ஒட்டினாங்க, கிறிஸ்துமஸ் நேரத்துல அது ஆயிரம் பப்புக்கு மேல பரவிடுச்சு. 2024 ஜூலை தேர்தல்ல 400க்கு மேல சீட் ஜெயிச்ச கட்சி அது, அந்தக் கட்சியோட எம்.பி. தன் சொந்தத் தொகுதியில சாயங்காலம் ஒரு பைண்ட் பீர் குடிக்கப் போனா கதவுலயே ஸ்டிக்கர் நின்னுச்சு.

பப்புன்னதும் நம்ம ஊர் கடையை நினைச்சுக்காதீங்க, அது வேற மாதிரி இடம். ஞாயித்துக்கிழமை மதியம் குடும்பத்தோட ரோஸ்ட் சாப்பிடப் போறது அங்கதான், வியாழக்கிழமை க்விஸ், கல்யாணம் முடிஞ்சு போறது, சாவு வீட்டுல இருந்து எல்லாரும் சேர்ந்து போறது, நாயைக் கூட்டிட்டு போய் மூலையில உக்காந்து பேப்பர் படிக்கிறது எல்லாமே அங்கதான், சின்ன கிராமத்துல தபால் ஆபீஸும் மூடி பஸ்ஸும் நின்னு போன பிறகு மனுஷன் மனுஷனைப் பாக்குற ஒரே இடம் அதுவாத்தான் இருக்கும். 2000-ல நாடு முழுக்க 60,000 பப் இருந்துச்சு, இப்போ 45,000 தான், 2025-ல மட்டும் 378 பப் மூடிடும்னு பப்-பீர் வியாபாரிகள் சங்கமே கணக்கு சொல்லிச்சு, அதாவது ஒரு நாளைக்கு ஒண்ணு. அந்த நிலைமையில இருக்குறவங்க மேல புதுசா ஒரு வரி பில் வந்து விழுந்தா கோவம் வராம என்ன செய்யும்.

நடத்துறவரை அங்க 'லேண்ட்லார்ட்'னு கூப்பிடுவாங்க, அதைக் கேட்டு பெரிய சொத்துக்காரர்னு நினைக்க வேண்டாம், நிறைய பேர் ஒரு பெரிய கம்பெனிகிட்ட இருந்து கட்டடத்தை வாடகைக்கு எடுத்து அதுக்கு மேல மாடியிலேயே குடும்பத்தோட குடியிருக்குறவங்க. வியாபாரம் போச்சுன்னா வீடும் போச்சு. இதை மனசுல வச்சுட்டு மீதி பதில்களைப் படிங்க.

கே: 'பிசினஸ் ரேட்ஸ்' உயர்வுதான் காரணம்னு செய்தியில போட்டாங்க. ஆனா அதே பட்ஜெட்ல பப்புக்கு வரி விகிதத்தைக் குறைச்சதா அரசாங்கம் சொல்லுதே. குறைச்சா ஏன் கத்துறாங்க?
வாசகர், ஈரோடு

ப: ரொம்ப சரியான இடத்துல பிடிச்சீங்க, இந்தச் சண்டையோட மொத்த கதையும் இந்தக் கேள்விக்குள்ளதான் இருக்கு.

பிசினஸ் ரேட்ஸ்ங்கிறது கடை, ஆபீஸ், பப் மாதிரி கட்டடங்களுக்குப் போடுற வரி. லாபம் வந்துச்சா இல்லையான்னு அது பாக்காது. அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு என்ன வரும்னு அரசு மதிப்பீட்டு ஆபீஸ் ஒரு தொகை போடும், அந்தத் தொகையை ஒரு விகிதத்தால பெருக்கினா வரி. மத்த கடைக்கெல்லாம் பெரும்பாலும் சதுர மீட்டர் கணக்கு, பப்புக்கு அப்படி இல்ல, அந்த இடத்துல ஒரு சுமாரான திறமைசாலி எவ்வளவு பீரும் சாப்பாடும் விக்க முடியும்னு விற்பனையை வச்சு மதிப்பு போடுவாங்க. உழைச்சு கூட்டம் சேத்தா மதிப்பும் ஏறிடும்.

இப்போ தேதியைக் கவனிங்க. போன தடவை மதிப்பு போட்டதுக்கு அடிப்படை தேதி 2021 ஏப்ரல் 1, கோவிட்ல பப் எல்லாம் பூட்டிக் கிடந்த சமயம், அதனால மதிப்பு தரையில இருந்துச்சு. புது மதிப்புக்கு அடிப்படை 2024 ஏப்ரல் 1, அது 2026 ஏப்ரல்ல இருந்து அமல். கதவு சாத்தின வருஷத்தையும் திறந்த வருஷத்தையும் பக்கத்துல வச்சா எவ்வளவு ஏறும்னு சொல்லணுமா? இதோட இன்னொண்ணு, கோவிட்ல இருந்து குடுத்துட்டு வந்த தள்ளுபடி ஒரு காலத்துல முழுசா 100 சதவீதம், அப்புறம் 75 சதவீதம், 2025 ஏப்ரல்ல 40 ஆச்சு, 2026 ஏப்ரல்ல அதுவும் கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், இது உதாரணத்துக்கு நானே எடுத்த நம்பர். ஒரு பப்போட பழைய மதிப்பு 30,000 பவுண்டு. 2025-26 விகிதம் பவுண்டுக்கு 49.9 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு), வரி 14,970, அதுல 40 சதவீதம் தள்ளுபடி போனா கட்டுறது 8,982 பவுண்டு. புது மதிப்பு 39,000-ன்னு வச்சுக்குவோம், புது விகிதம் 38.2 பென்ஸ் தான், பாக்க நல்லாவே குறைஞ்சிருக்கு, ஆனா பெருக்கினா 14,898 பவுண்டு, தள்ளுபடி ஒண்ணும் கிடையாது. விகிதம் குறைஞ்சுது, பில்லு மூணுல ரெண்டு பங்கு ஏறிடுச்சு. ஒரே வருஷத்துல ஏறாம படிப்படியா ஏத்துறதுக்கு ஒரு உச்சவரம்பு வச்சிருந்தாங்க, அதனால முதல் வருஷம் கொஞ்சமா தெரியும், மூணாவது வருஷம் முழுசா வந்து நிக்கும். சராசரி பப்புக்கு மூணு வருஷத்துல 76 சதவீதம் ஏறும்னு ஹோட்டல்-பப் துறையோட சங்கம் யு.கே.ஹாஸ்பிடாலிட்டி கணக்கு சொல்லிச்சு.

அமைச்சர் மேடையில நின்னு 1991க்கு அப்புறம் இதுதான் குறைஞ்ச விகிதம்னு அறிவிச்சாங்க, அது பொய்யில்ல, விகிதம் குறைஞ்சது உண்மை, ஆனா அதைக் கேட்டு சந்தோஷப்பட்ட லேண்ட்லார்ட் ராத்திரி உக்காந்து தன் கடையோட புது மதிப்பைப் பாத்து கணக்கு போட்டா இந்த நம்பர் வருது. வரியை ஏத்திட்டோம்னு நேரா சொல்லியிருந்தா கூட இவ்வளவு பேர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க மாட்டாங்கன்னு நான் நம்புறேன். ஏமாத்தப்பட்ட மாதிரி தோணுனதுதான் அவங்களை வாசல் வரைக்கும் கொண்டு வந்துச்சு.

சம்பள உயர்வையும் சிலர் இந்தப் புகார்ப் பட்டியல்ல சேக்குறாங்க, குறைந்தபட்ச கூலி மணிக்கு 12.21 பவுண்டுல இருந்து 2026 ஏப்ரல்ல 12.71 ஆகுதுன்னு. அதை நான் சேக்க மாட்டேன், நள்ளிரவு வரைக்கும் நின்னு க்ளாஸ் கழுவுற பையனுக்கு அது நியாயமா வர வேண்டிய காசு. ஆளுங்க சம்பளத்தை வச்சு முதலாளி அரசுக்குக் கட்டுற தேசிய காப்பீடு 2025 ஏப்ரல்ல 13.8-ல இருந்து 15 சதவீதம் ஆச்சு, வருஷம் 9,100 பவுண்டுக்கு மேல சம்பளம் போனாதான் கட்டணும்னு இருந்தது 5,000-னு இறங்கிடுச்சு, பார்ட் டைம் ஆள் நிறைய வச்சிருக்குற பப்புக்கு அது நேரா அடி. அந்தப் புகார் நியாயம்.

கே: சட்டப்படி இது செல்லுமா? கட்சியைப் பாத்து ஒருத்தரை வெளிய நிறுத்தினா பாகுபாடு கேஸ் போட முடியாதா?
சட்டக்கல்லூரி மாணவர், சென்னை

ப: தம்பி, இங்கிலாந்துல பெரும்பாலும் செல்லும். பப் லேண்ட்லார்ட் யாருக்கு வேணா இல்லைன்னு சொல்லலாம், காரணம் கூட சொல்லத் தேவையில்ல, 2010-ல வந்த சமத்துவச் சட்டம் சொல்ற காரணங்களுக்காக மட்டும் மறுக்கக் கூடாது. வயசு, ஊனம், பாலினம், பாலின மாற்றம், பாலியல் நாட்டம், கர்ப்பம், இனம், மதம் அல்லது நம்பிக்கை, இப்படி ஒன்பது இருக்கு, அதுல கட்சி இல்ல. 'நம்பிக்கை'ங்கிற வார்த்தைக்குள்ள ஆழமான தத்துவ நம்பிக்கைகளும் வரும்னு கோர்ட்டுகள் சொல்லியிருக்கு, ஆனா சும்மா ஒரு கட்சியில எம்.பி.யா இருக்குறது அதுக்குள்ள வராது.

ஒரே நாடுதான்னாலும் வட அயர்லாந்துல கதை மாறிடும். அங்க 1998-ல வந்த சட்டத்துல அரசியல் கருத்தும் சேத்தி, வேலைக்கு மட்டுமில்ல, பொருள் விக்கிறதுக்கும் சேவை தர்றதுக்கும் அது பொருந்தும். மதமும் அரசியலும் ஒண்ணா பின்னி மனுஷன் மனுஷனைக் கொன்ன ஊரு, அங்க கட்சி பேரைச் சொல்லி ஒருத்தரை பப்புல இருந்து நிறுத்துறதுக்கு என்ன அர்த்தம்னு அவங்களுக்குத் தெரியும், அதனால சட்டம் அப்படி. பெல்ஃபாஸ்ட்ல இதே ஸ்டிக்கரை ஒட்டினா வக்கீல் நோட்டீஸ் வர வாய்ப்பு நிறைய.

நீங்க சட்டம் படிக்கிறதால இன்னொண்ணு சொல்றேன், பப்புக்கும் 'இன்'னுக்கும் வித்தியாசம் இருக்கு. வழிப்போக்கர் தங்க ரூம் குடுக்குற இடம் சட்டப்படி இன், அங்க நியாயமான காரணம் இல்லாம வர்ற பயணியைத் திருப்பி அனுப்பக் கூடாதுங்கிறது பல நூற்றாண்டு பழைய பொதுச்சட்ட விதி, அதாவது கோர்ட் தீர்ப்புகள் வழியா வந்த 'காமன் லா'. இந்த விதியை வச்சுதான் லியரி கான்ஸ்டன்டைன்ங்கிற வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் ஜெயிச்சார். 1943-ல லார்ட்ஸ் மைதானத்துல ஆடுறதுக்காக லண்டன் இம்பீரியல் ஹோட்டல்ல நாலு நாளைக்கு ரூம் புக் பண்ணிட்டு மனைவி, மகளோட போனாரு, அங்க தங்கியிருந்த அமெரிக்க ராணுவத்தினருக்குப் பிடிக்காதுன்னு கருப்பினத்தவரான அவரைத் தங்க விடல. இனப் பாகுபாட்டுக்கு எதிரா அப்போ தனிச் சட்டமே கிடையாது, இந்தப் பழைய இன் விதியைப் பிடிச்சு 1944-ல கேஸ் ஜெயிச்சார், நஷ்ட ஈடு 5 கினி. அதனால ரூம் வாடகைக்கு விடுற பப் ஒண்ணு, ராத்திரி தங்க வந்த எம்.பி.யை ஸ்டிக்கரைக் காட்டித் திருப்பி அனுப்பினா அவர் இந்த விதியை எடுத்துட்டு வரலாம், வாதாட வேண்டிய பாயிண்ட் அது.

கே: அமெரிக்காவுலயும் இப்படி நடந்துச்சே?
வாசகர், நெய்வேலி

ப: ஆமா, 2018 ஜூன்ல வர்ஜீனியா மாநிலத்துல லெக்சிங்டன் ஊர்ல ரெட் ஹென்னு ஒரு ஹோட்டல்ல அதிபர் டிரம்ப்போட செய்தித் தொடர்பாளர் சாரா ஹக்கபீ சாண்டர்ஸை எழுந்து போகச் சொன்னாங்க. தலைநகர் வாஷிங்டன்ல அதே காரியத்தைப் பண்ணியிருந்தா சட்டச் சிக்கல், ஏன்னா அந்த ஊர் சட்டத்துல கட்சிச் சார்பைப் பாத்து மறுக்கக் கூடாதுன்னு இருக்கு.

கே: இந்த மாதிரி பிரிட்டன்ல இதுதான் முதல் தடவையா?
வாசகர், யாழ்ப்பாணம்

ப: இல்லைங்க. 2008 மார்ச் 12 பட்ஜெட்ல அன்னைய நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் மது வரியை விலைவாசியை விட 6 சதவீதம் மேல ஏத்தினார், ஒரு பைண்ட் பீருக்கு 4 பென்ஸ், அதோட விடாம அடுத்த நாலு வருஷமும் விலைவாசிக்கு மேல 2 சதவீதம் ஏறும்னு சொல்லிட்டார். எடின்பரோவுல, அதாவது அவரோட சொந்தத் தொகுதி இருக்குற ஊர்லயே, ஒரு பப்புல அவர் போட்டோவைப் போட்டு இவருக்கு இங்க இடமில்லன்னு போஸ்டர் ஒட்டினாங்க, அது நாடு முழுக்கப் பரவுச்சு. அவரு மசியல. பீருக்கான அந்த ஏறுவரிசை வரி நின்னது 2013-ல, அதுக்குள்ள ஆட்சியே மாறி ஜார்ஜ் ஆஸ்போர்ன் நிதியமைச்சரா வந்து பைண்டுக்கு ஒரு பென்னி குறைச்சார்.

அடுத்து 2020 அக்டோபர், இது எனக்கு மனசுக்கு நெருக்கமானது, ஏன்னா இதுல பப்காரங்க தங்களுக்காகக் கேக்கல. ஏழைப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல தர்ற இலவச மதிய சாப்பாட்டை லீவு நாள்லயும் தரணும்னு கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு கேட்டுட்டு இருந்தார், நாடாளுமன்றத்துல அந்தத் தீர்மானம் 261க்கு 322ன்னு தோத்துப் போச்சு. உடனே வடக்கு யார்க்‌ஷயர்ல ஸ்டோக்ஸ்லிங்கிற ஊர்ல ஒரு கடைக்காரர், எதிரா ஓட்டு போட்ட சுற்றுவட்டார எம்.பி.க்களுக்கு என் கடையில ஆயுசுக்கும் இடமில்லன்னுட்டார், அந்தப் பட்டியல்ல அப்போ நிதியமைச்சரா இருந்த ரிஷி சுனக்கும் உண்டு. ஆகஸ்ட் மாசம்தான் சுனக் ஹோட்டல், பப்ல சாப்பிடுறவங்களுக்குப் பாதி விலைன்னு திட்டம் போட்டுத் தொழிலைக் கைதூக்கி விட்டிருந்தார், அந்த நன்றியெல்லாம் ஒரு பக்கம், பசிக்கிற பிள்ளை இன்னொரு பக்கம்னு வந்தப்போ அந்தக் கடைக்காரர் எந்தப் பக்கம் நின்னார்னு பாருங்க. வேற சில கடைகளும் சேந்துக்கிச்சு. நவம்பர்ல அரசு 17 கோடி பவுண்டு குளிர்கால உதவித் திட்டம்னு இறங்கி வந்துச்சு, அதுக்கு முக்கிய காரணம் ராஷ்ஃபோர்டும் அவர் பின்னால நின்ன லட்சக்கணக்கான ஜனமும்தான், ஆனா இந்தக் கடைகளும் அந்தக் கூட்டத்துல ஒரு குரல்.

2021 ஏப்ரல்ல பாத் நகரத்துல நடந்தது நிறைய பேர் வீடியோவுல பாத்திருப்பீங்க, எதிர்க்கட்சித் தலைவரா இருந்த கியர் ஸ்டார்மர் ஒரு பப்புக்குப் போக, வருஷக்கணக்கா லேபருக்கே ஓட்டு போட்ட லேண்ட்லார்ட் ஒருத்தர், லாக்டவுனை நீங்க எதிர்த்துக் கேக்கலையேன்னு கத்தி வெளிய போகச் சொன்னார். லாக்டவுன் பத்தி அவர் சொன்ன கருத்துல எனக்கு உடன்பாடு இல்ல. ஆனா அவர் தன்னோட சொந்தக் கட்சித் தலைவரை நேருக்கு நேர் பாத்துக் கேட்டார், அதுக்கு ஒரு மரியாதை உண்டு. அதே ஸ்டார்மர் பிரதமரா இருந்தப்போதான் 2025 கடைசியில ஆயிரம் கடையில ஸ்டிக்கர்.

கே: லேபர் எம்.பி.ன்னா நம்ம உமா குமரனுக்கும் இது பொருந்துமா?
வாசகி, லண்டன் ஈஸ்ட் ஹாம்

ப: ஸ்டிக்கர்ல பேர் கிடையாது, கட்சி மட்டும்தான், அதனால ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதி எம்.பி.யான அவங்களும் அந்த வார்த்தைக்குள்ள வர்றாங்க. இதுதான் இந்தப் போராட்டத்துல எனக்கு உறுத்துற இடம். 2008-ல வரி போட்ட ஒருத்தரை மட்டும் நிறுத்தினாங்க, 2020-ல எதிரா கை தூக்கினவங்களை மட்டும் நிறுத்தினாங்க, 2025-ல கட்சிக்குள்ள பப்புக்காகப் பேசின எம்.பி.யையும் சேத்து மொத்தமா நிறுத்திட்டாங்க. நமக்காகப் பேசக்கூடிய ஆளையும் வெளிய வச்சுட்டா உள்ள போய் யாரு பேசுறது?

கே: நீங்க இந்தப் பப்காரங்களைப் பாராட்டுற மாதிரி தெரியுது. டீக்கடையில ரெட்டை டம்ளர் வச்ச ஊர்ல பொறந்தவன் நான். கடைக்காரன் ஆள் பாத்துக் குடுப்பேன்னு சொல்றதை எந்தக் காரணத்துக்காகவும் என்னால ஏத்துக்க முடியாது.
வாசகர், மதுரை மாவட்டம்

ப: ஐயா, உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். நீங்க சொல்றதை ஒதுக்கிட்டு இந்தப் பக்கத்தை எழுத எனக்கு மனசு வரல, உங்களுக்குத்தான் இந்த வாரம் அதிக இடம்.

பிரிட்டன் பப்புக்கும் இதே அழுக்கு வரலாறு இருக்கு. 1950கள்லயும் 60கள்லயும் கருப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் பீர் ஊத்த மாட்டேன்னு சொன்ன பப்புகள், ஊத்தினாலும் வேற ரூம்ல நின்னு குடிங்கன்னு சொன்ன பப்புகள் ஊருக்கு ஊர் இருந்துச்சு, பர்மிங்காம் பக்கத்துல ஸ்மெத்விக்ல இந்தியத் தொழிலாளர் சங்கத்துக்காரங்க கூட்டமா உள்ள போய் உக்காந்து எங்களுக்கும் குடுன்னு கேட்டுப் போராடியிருக்காங்க. 1964-ல பிரிஸ்டல்ல பே ஹார்ஸ்ங்கிற பப்புல பால் ஸ்டீபன்சன்னு ஒரு கருப்பின இளைஞர், அதுக்கு முந்தின வருஷம்தான் அந்த ஊர் பஸ் கம்பெனிக்கு எதிரா பாய்காட் நடத்தி ஜெயிச்சவர், எனக்கு பீர் தராம நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னு உக்காந்தார். போலீஸ் வந்து பிடிச்சுட்டுப் போச்சு, கேஸ் கோர்ட்டுல நிக்கல, ஆனா ஊரே பேசுச்சு. அடுத்த வருஷம், 1965-ல, பப், ஹோட்டல் மாதிரி பொது இடத்துல இனம் பாத்து மறுக்கக் கூடாதுன்னு பிரிட்டனோட முதல் இன உறவுச் சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி வாசல்ல திருப்பி அனுப்பப்பட்டவங்க எத்தனை ஆயிரம் பேரோ, கான்ஸ்டன்டைன் மாதிரி பேர் வாங்கின வீரருக்கே அந்தக் கதின்னா ஷிப்ட் முடிச்சுட்டு தாகமா வந்த ஃபவுண்டரி தொழிலாளிக்கு என்ன நடந்திருக்கும்.

ஆனா ஐயா, அதே நாட்டுல, கான்ஸ்டன்டைனைத் திருப்பி அனுப்பின அதே 1943-ல, லங்காஷயர்ல பாம்பர் பிரிட்ஜ்னு ஒரு கிராமத்துல வேற ஒண்ணு நடந்துச்சு. அங்க அமெரிக்க ராணுவத்துல கருப்பினச் சிப்பாய்ங்க தங்கியிருந்தாங்க, லாரி ஓட்டுற பிரிவு. அமெரிக்க ராணுவத்துக்குள்ள அப்போ வெள்ளை தனி கருப்பு தனி. உங்க பப்புலயும் அப்படியே பிரிச்சு வைங்கன்னு அமெரிக்க அதிகாரிங்க கேட்டப்போ அந்த ஊர்ல இருந்த மூணு பப்பும் போர்டு வச்சாங்க, 'கருப்பினச் சிப்பாய்களுக்கு மட்டும்'னு. பிரிக்கச் சொன்னவனுக்குத்தான் இங்க இடமில்லன்னு சொல்லிட்டாங்க. ஜூன் 24 ராத்திரி ராணுவப் போலீஸுக்கும் அந்தச் சிப்பாய்ங்களுக்கும் தகராறு முத்தி துப்பாக்கிச் சூடாகி வில்லியம் கிராஸ்லேண்டுன்னு ஒரு சிப்பாய் செத்துப் போனார், அந்த ஊர்ல இன்னைக்கும் அதை மறக்கல.

ரெண்டுலயும் கடைக்காரர் ஆள் பாத்துத்தான் குடுத்தார். ஆனா பே ஹார்ஸ்ல வாசல்ல நின்னவருக்கு அதை மாத்த ஒரு வழியும் கிடையாது, தோலைக் கழட்டி வச்சுட்டு வர முடியாது, ரெட்டை டம்ளர் வச்ச கடையில உங்க அப்பா தாத்தாவுக்கு எப்படி முடியாதோ அப்படி. பாம்பர் பிரிட்ஜ்ல வெளிய நிறுத்தப்பட்டவங்களுக்குப் பின்னால ஒரு பெரிய ராணுவமே இருந்துச்சு, நாளைக்கே உத்தரவை மாத்தினா நாளைக்கே உள்ள வரலாம். எம்.பி.யும் அப்படித்தான், அவர் கையில ஓட்டு இருக்கு, சட்டம் இருக்கு, வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளயே குடிக்க தனி பார் இருக்கு, அவருக்குப் பசிக்கவோ அவமானத்துல கூனிப்போகவோ போறதில்ல. மாடியில குடியிருக்குற வாடகைக்கார லேண்ட்லார்டுகிட்ட அவருக்கு எதிரா இருக்குறது இந்தக் கதவு மட்டும்தான். மேல இருக்குறவன் கீழ இருக்குறவனுக்குக் கதவை சாத்துறதும் கீழ இருக்குறவன் மேல பாத்து சாத்துறதும் எனக்கு ஒண்ணா தெரியல ஐயா.

இதுல உங்களோட பயம் நியாயமானதுன்னும் சேத்துச் சொல்றேன். எம்.பி.யோட பையனுக்கு இல்ல, எம்.பி. ஆபீஸ்ல கிளார்க்கா இருக்குற பொண்ணுக்கு இல்ல, லேபருக்கு ஓட்டு போட்டவனுக்கு இல்லன்னு அந்த ஸ்டிக்கர் ஒரு இஞ்ச் நகந்தாலும் நான் உங்க பக்கம் வந்து நிப்பேன்.

கே: பாய்காட்னா வாங்குறவங்க பொருளை வாங்காம இருக்குறதுதானே, இங்க விக்கிறவங்க விக்க மாட்டேங்குறாங்க. இதுக்கு வேற பேர் இருக்கா?
வாசகர், புதுச்சேரி

ப: உண்மையில இதுதான் அசல் பாய்காட். சார்லஸ் பாய்காட்டுன்னு ஒரு முன்னாள் ராணுவத்துக்காரர், அயர்லாந்துல மேயோ மாவட்டத்துல எர்ன் பிரபுவோட நிலத்துக்கு ஏஜென்ட். 1880-ல விளைச்சல் கெட்டு குத்தகை கட்ட முடியாத குடியானவங்களை வெளியேத்தப் பாத்தார். அதுக்கு மூணு நாள் முன்னாடிதான், செப்டம்பர் 19, என்னிஸ்ங்கிற ஊர்ல அரசியல் தலைவர் பார்னெல் பேசியிருந்தார், அப்படிப்பட்டவனை அடிக்காதீங்க, ரோட்டுல, கடையில, சந்தையில, கோயில்ல எங்க பாத்தாலும் முகம் குடுக்காம ஒதுக்கி வைங்கன்னு. ஊர் அப்படியே பண்ணுச்சு, கடையில சாமான் தரல, கொல்லன் லாடம் அடிக்கல, துணி துவைக்கிறவங்க வரல, வேலைக்காரங்க வயலை விட்டு நடந்து போயிட்டாங்க. வடக்குல இருந்து 50 பேரைக் கூட்டிட்டு வந்து, ஆயிரம் சிப்பாய் காவல் போட்டு, வெறும் 500 பவுண்டு விளைச்சலை எடுக்க 10,000 பவுண்டு செலவானதா கணக்கு. அந்த வருஷம் முடியுறதுக்குள்ள பாய்காட் அயர்லாந்தை விட்டே போயிட்டார், பேரு மட்டும் அகராதியில நின்னுடுச்சு.

கே: கடைசியில ஜெயிச்சாங்களா இல்லையா?
வாசகர், சேலம்

ப: பாதி. 2026 ஜனவரி 27 கருவூல அமைச்சர் டான் டாம்லின்சன் நாடாளுமன்றத்துல அறிவிச்சார், இங்கிலாந்துல இருக்குற பப்புகளுக்கும் லைவ் மியூசிக் நடக்குற இடங்களுக்கும் ஏப்ரல்ல இருந்து புது பில்லுல 15 சதவீதம் குறைப்பு, அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு விலைவாசி அளவுக்கு மேல ஏறாது, பப்புக்கு மதிப்பு போடுற முறையையே திரும்பப் பாப்போம்னு. சராசரி பப்புக்கு 1,650 பவுண்டு மிச்சம்னு அரசு சொல்லிச்சு. டார்லிங் காலத்துல அஞ்சு வருஷம் ஆனது இப்போ ரெண்டே மாசத்துல நடந்துச்சு. ஸ்டிக்கரால மட்டும்னு சொல்ல மாட்டேன், சங்கங்கள் மனு குடுத்துச்சு, லேபர் எம்.பி.க்களே உள்ள புலம்புனாங்க, ஆனா கதவுல ஒட்டின ஒரு துண்டு காகிதம் டிவியில வந்த அளவுக்கு எந்த மனுவும் வரல.

பாதின்னு ஏன் சொன்னேன்னா பக்கத்துல இருக்குற சின்ன ஹோட்டலுக்கும் ரெஸ்டாரண்டுக்கும் இந்த 15 சதவீதம் கிடையாது. அவங்களுக்கும் தள்ளுபடி போச்சு, மதிப்பு ஏறிச்சு, ஆனா எம்.பி. போட்டோ எடுத்துக்குறது பப்புலதான், ரெஸ்டாரண்டுல இல்ல. நம்ம ஆளுங்களும் பங்களாதேஷ்காரங்களும் நடத்துற எத்தனையோ சின்ன ரெஸ்டாரண்டுகள் அந்த வரிசையில இருக்கு, அவங்களை விட்டுட்டது எனக்கு ஆறவே இல்ல.

கே: நான் லெஸ்டர்ல எம்.எஸ்சி. படிச்சுட்டு வாரத்துக்கு 20 மணி நேரம் பப்புல பார்டெண்டரா இருக்கேன். எங்க ஓனரும் ஸ்டிக்கர் ஒட்டினார். நிஜமாவே எம்.பி. வந்து நின்னா நான் என்ன சொல்லணும்? மாணவர் விசா, பயமா இருக்கு.
வாசகர், லெஸ்டர்

ப: தம்பி, இந்த வாரம் வந்த கடிதத்துலயே எல்லாரும் மறந்துட்ட ஆள் நீங்கதான். ஸ்டிக்கர் ஒட்டுறது ஓனர், கவுண்டர்ல நிக்கிறது நீங்க.

இன்னைக்கே ஓனர்கிட்ட நேரா கேளுங்க, அப்படி யாராவது வந்தா நான் உங்களைக் கூப்பிடுவேன், நீங்கதான் பேசணும்னு. நல்ல ஓனரா இருந்தா ஒத்துக்குவார், அவர் போராட்டம் அது. முகத்தைப் பாத்து இவர் எம்.பி.யா இருக்குமோன்னு நீங்களா யாரையும் நிறுத்தாதீங்க, தப்பான ஆளை நிறுத்தி அவர் அதை இனம், மதம்னு எடுத்துக்கிட்டா அங்கதான் சமத்துவச் சட்டம் வரும், அந்தப் பிரச்சினையில உங்க பேர் வேண்டாம். வந்தவர் போக மாட்டேன்னு நின்னாலும் சத்தம் போடாதீங்க, கையைத் தொடாதீங்க, குடிச்சுட்டுக் கலாட்டா பண்றவரை வெளியேத்துறதுக்குத்தான் மதுச் சட்டத்துல குற்றப்பிரிவு இருக்கு, சும்மா அமைதியா நிக்கிற எம்.பி. மேல அது பாயாது. தண்ணி கேட்டா குடுங்க, அங்க லைசென்ஸ் பப்புல குழாய்த் தண்ணி இலவசமா குடுக்கணும்னு விதி. ஒரு நிமிஷம் சார், ஓனரைக் கூப்பிடுறேன்னு சொல்லிட்டு உள்ள போங்க. அவர் வந்து அந்த பில்லை எடுத்து மேசையில வச்சு எம்.பி.கிட்ட நேருக்கு நேர் பேசட்டும், நீங்க அடுத்த டேபிளுக்கு க்ளாஸ் எடுக்கப் போங்க.